பருத்திக்கொட்டை ஊறும் வீடு

மதுரையில் பருத்திப்பால் குடிப்பவர்களுக்கு வண்டிக்காரரைத்தான் தெரியும். சாயங்காலமானால் தள்ளுவண்டி வந்து நிற்கும். அடுப்பின் மேல் எவர்சில்வர் அண்டா, பக்கத்தில் தேங்காய்ப்பூ ஒரு டப்பா, சுக்குப்பொடி ஒரு டப்பா. அடியிலிருந்து ஒரு கலக்குக் கலக்கி டம்ளரில் ஊற்றித் தருவார். நின்றபடியே குடித்து, 20 ரூபாயை நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். "அண்ணன் கைப்பக்குவமே தனி" என்கிற பாராட்டும் அவருக்கே போகிறது. உண்மையில் அந்த அண்டாவுக்குள் இருப்பதில் அவர் கை பட்ட வேலை கொஞ்சம்தான். முக்கால்வாசி வேலை மத்தியானத்துக்குள் வீட்டில் முடிந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் பெண்கள் கையால். அதைப் பார்க்கத்தான் செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் வீட்டுக்குப் போனேன். சிம்மக்கல் பக்கம் வண்டி போடும் அண்ணன்தான் வழி சொன்னார். "நான் விக்கிறவன் தம்பி. வெவரம் கேக்கணும்னா வீட்ல கேளுங்க" என்றார்.

வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் சிமெண்டுத் தளம் போட்ட கொஞ்சம் இடம். அந்தத் தளத்தில் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் பருத்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ராத்திரி போட்டது. ஊறப்போடுவதே ஒரு வேலை. ஜின்னிங் பேக்டரியில் பஞ்சைப் பிரித்த பிறகும் கொட்டை மேல் குட்டையாக ஒரு பஞ்சுப் பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று நிற்பதால் தண்ணீரில் கொட்டினால் நல்ல கொட்டையும் மிதக்கும், பொக்கும் மிதக்கும். அந்த வீட்டு அக்கா இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்து முக்குகிறார். நனைந்த நல்ல கொட்டை அடியில் போய் உட்காருகிறது. அதற்கு மேலும் மிதப்பது பொக்கு, இலைத் தூசு, காய்ச்சருகு. வழித்து எறிகிறார். இதே மாதிரி இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகுதான் ஊறப்போட முடியும்.

கொட்டை வாங்குவது மாட்டுத் தீவனக் கடையில். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க ஒன்றும் இல்லை. பருத்தியை அரைவைக்குப் போட்டால் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. பஞ்சு மில்லுக்குப் போகும், கொட்டை எண்ணெய்க்கும் மாட்டுக்கும் போகும். மாட்டுக்குப் பால் சுரக்க வைக்கும் என்று நம் ஆட்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டித் தொட்டியில் ஊற்றிய அதே கொட்டையிலிருந்து, மாட்டை நடுவில் விடாமல் நேரே பால் எடுத்துக்கொண்டவர்கள் மதுரைக்காரர்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். விதைப்புக்கென்று வரும் கொட்டையில் பூச்சிமருந்தும் பூஞ்சணமருந்தும் ஏற்றிச் சாயம் பூசியிருப்பார்கள், பஞ்சுப் பூச்சையும் அமிலத்தில் கரைத்து வழவழவென்று ஆக்கியிருப்பார்கள். "சாம்பல் வெள்ளையா, மேல பஞ்சோட இருக்கணும். கலர் ஏத்துனது, கறுப்பா வழுவழுன்னு இருக்கிறது ரெண்டையும் நான் தொடவே மாட்டேன்" என்றார் அக்கா. மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டு அடிக் கொட்டையை எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவாராம்.

நாட்டுக் கொட்டையா என்று கேட்டேன். சிரித்தார். விருதுநகர், கோவில்பட்டி கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. கோவில்பட்டியில் 1901-லேயே தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்தக் கருங்கண்ணியில் ரகம் ரகமாக வெளியிட்டிருக்கிறது. ஆனால் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே பிடித்துக்கொண்டது. தீவனக் கடை மூட்டையில் வருவது எதுவோ அதுதான் கொட்டை. கருங்கண்ணி கிடைத்தால் பால் மணமாக இருக்கும் என்று அக்காவின் மாமியார் சொல்வாராம். அக்கா அதை வைத்துப் பால் எடுத்ததே இல்லை.

ஊறிய கொட்டை ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். மேல் தோல் பிளந்ததும் உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு, அதில் குண்டூசியால் குத்தியது போலக் கரும்புள்ளிகள். "இதுதான் கசப்பு" என்றார். தாவர வேதியியலில் அதற்குக் காசிபால் என்று பேர். புழுபூச்சி அண்டாமல் இருக்கச் செடி வைத்துக்கொண்டிருக்கும் நஞ்சு அது. அசைபோடும் மாட்டின் முதல் வயிற்றிலேயே அது பெரும்பாலும் கட்டுண்டுவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்த கிராமங்களில் குழந்தை பிறப்பு குறைந்ததைக் கவனித்து, 1970களில் இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்துப் பிறகு கைவிட்டார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் குழுவினர், செடியில் காசிபால் இருக்க, கொட்டையில் மட்டும் வெகுவாகக் குறையும்படி ஒரு பருத்தியை உருவாக்கினார்கள். 2019-ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அதைச் சாப்பிடலாம் என்று ஒப்புக்கொண்டது. செல்லூர் வீட்டில் அந்தக் கொட்டை இல்லை, நெருப்பு இருக்கிறது. கொதிக்கும்போது காசிபால் புரதத்தோடு பிணைந்து அதன் வீரியம் தணிகிறது. அக்காவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் "பச்சைப் பாலை நாக்குல கூட வைக்கக் கூடாது" என்று மாமியார் சொல்லிவைத்திருக்கிறார், மீறியதில்லை.

இப்போது பாதாம், முந்திரி, ஓட்ஸ் என்று எதையாவது ஊறவைத்து, மிக்சியில் அடித்து, வடிகட்டி அப்படியே குடிக்கும் பழக்கம் பரவிவருகிறது. பருத்திக்கொட்டைக்கு அந்த 'அப்படியே' செல்லாது என்பதை இதைப் படித்துவிட்டு மிக்சியை எடுப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரைண்டர் ஓடத் தொடங்கியது. சாய்த்து ஊற்றும் பெரிய கிரைண்டர், கோயம்புத்தூர்ச் சரக்கு. கொட்டையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார். ஈரச் சாக்கு வாடை எழுகிறது. இட்லி மாவு ஆட்டிப் பழகியவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இதை நைஸாக ஆட்டக் கூடாது. பருப்பு நசுங்க வேண்டும், தோல் உடைந்தால் போதும். தோலும் மாவாகிவிட்டால் துணியில் இறங்கிப் பாலோடு கலந்துவிடும், நிறம் பழுப்பாகும், தொண்டையில் கரகரக்கும். எப்போது நிறுத்துவது என்பதற்கு அக்கா கண்ணை நம்புவதில்லை. சத்தம். முதலில் கடகடவென்று கொட்டை உருளும் சத்தம், பிறகு அது அடங்கிச் சளக் சளக் என்று குழம்பும் சத்தம். அது வந்த கொஞ்ச நேரத்தில் சுவிட்சை அணைத்துவிட்டார்.

அடுத்துப் பிழிவது. இதற்குத்தான் நான் போனேன் என்று சொல்லலாம்.

பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்து வைத்திருக்கிறார். புதுத் துணி ஆகாது, கஞ்சி போகாத துணியில் பால் இறங்காது. அரைத்ததை இரண்டு கை அள்ளித் துணியில் கட்டி, ஒரு நுனியை இடது கையில் சுற்றிப் பிடித்து, வலது கையால் முறுக்குகிறார். முதல் முறுக்கில் பால் கொடகொடவென்று இறங்குகிறது. வெள்ளை இல்லை, லேசாகப் பச்சை ஓடிய மஞ்சள் வெள்ளை. இரண்டாவது முறுக்கில் தோளிலிருந்து பலம் வருகிறது. மூன்றாவதில் துணி இறுகிக் கட்டை போலாகி, சொட்டுச் சொட்டாக விழுவதுதான் கெட்டிப்பால். அந்தக் கடைசிச் சொட்டில்தான் எண்ணெய்ப்பசை இருக்கிறது என்கிறார். கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், அது சுலபத்தில் வெளியே வராது. சக்கையை மறுபடி கிரைண்டரில் போட்டு, தண்ணீர் விட்டு, இரண்டு சுற்று விட்டு, மறுபடி பிழிகிறார். அப்புறம் இன்னொரு முறை. மூன்றாம் முறை வருவது தண்ணிப்பால். முதல் பாலைத் தனியே மூடி வைக்கிறார், மூன்றாம் பாலில்தான் பச்சரிசி மாவைக் கரைப்பது. கெட்டிப்பால் கடைசியில்தான் அண்டாவுக்குள் போகும்.

அக்காவின் வலது கை மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. மந்திரித்ததா என்றேன். "வலிக்குத்தான் தம்பி. தோள்பட்டை ராத்திரியில தூக்க முடியாது. ஆட்டுறதுக்கு மிஷின் வந்துருச்சு, பிழியுறதுக்கு என்ன வந்துச்சு?" ஜூஸ் கடையில் இருக்கும் பிழியும் இயந்திரம் ஒன்றை மகன் வாங்கிவந்து பார்த்தானாம். பஞ்சு போய் அடைத்துக்கொண்டது. தேங்காய்ப் பாலுக்கும் சோயாப் பாலுக்கும் இயந்திரம் செய்தவர்கள் பஞ்சு ஒட்டிய கொட்டையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நம் சமையல் தொழில்களில் இயந்திரம் வந்த கதையைப் பார்த்தால், அரைக்கும் வேலைக்குத்தான் முதலில் மோட்டார் வருகிறது. வடிப்பது, பிழிவது, கிண்டுவது மூன்றும் கைக்கே மிச்சம் வைக்கப்படுகின்றன. அந்தக் கை யாருடையது என்று கேட்டால் பதிலும் அநேகமாக ஒன்றுதான்.

சக்கையை வாங்க எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வாளியோடு வந்தார். அவர் மாடு வைத்திருக்கிறார். காசு கிடையாது, பதிலுக்குக் காலையில் ஒரு சொம்புப் பால்.

கிண்டுவதற்கு அண்ணன் வந்துவிட்டார். அரிசி மாவு கரைத்த தண்ணிப்பால் அடுப்பில் ஏறுகிறது. கை எடுத்தால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் அண்டா மொத்தமும் தீய்ந்த வாடை. மாவு வெந்து கண்ணாடி போல மினுங்கியதும் கெட்டிப்பால். அது கொதித்து நுரை அடங்கும்வரை தீ குறையாது. பச்சை வாசனை போய்விட்டதா என்று அக்கா வாசலில் நின்றே மோந்து பார்த்துச் சொல்கிறார். அப்புறம்தான் இனிப்பு. தனியே காய்ச்சி, மண் போக வடிகட்டிய பாகு. கருப்பட்டி போடுவதுதான் முறை. உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கும் காசில் பருத்திக்கொட்டை பல கிலோ வாங்கலாம். ஆகவே பாதிக்கு மேல் மண்டை வெல்லம், மணத்துக்குக் கருப்பட்டி. இதை அண்ணன் ஒளிக்கவில்லை. 20 ரூபாய் டம்ளரில் முழுக் கருப்பட்டியை எதிர்பார்க்கும் நாம்தான் கணக்குத் தெரியாதவர்கள். சுக்கு, ஏலக்காய், சித்தரத்தை, கொஞ்சம் மிளகு. இவை கீழமாசி வீதியில் வாங்கி வந்தவை. பொடிப்பது மட்டும் மிக்சியில். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சித் திட்டத்தில் வந்த மிக்சி அது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குத் திரும்பி மிக்சியில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகக் கேட்டேன். ஒரு கப் கொட்டை என்றால் மிக்சியே போதும் என்றார் அக்கா, ஒரு நிபந்தனையோடு: விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டமாக ஓட்டினால் தோல் பொடியாகும், பஞ்சு பிளேடுக்கு அடியில் சுற்றிக்கொண்டு ஜார் சூடாகும். பெரிய ஜாரில் ஒரு கப் கொட்டைக்கு இரண்டு கப் தண்ணீர், நாலைந்து தட்டு, பிழிவு. சக்கைக்கு மறுபடி ஒரு கப் தண்ணீர், இரண்டு தட்டு, பிழிவு. கால் கப் பச்சரிசியை ஊறவைத்துத் தனியே நைஸாக அரைத்துக்கொள்ளலாம். முக்கால் கப் வெல்லம் தாங்கும். நான் செய்ததைச் சொல்வதென்றால், சின்ன அளவில் கிரைண்டரைவிட மிக்சியில் நிறம் தெளிவாகவே வந்தது. பிளேடு தோலை வெட்டுகிறது, கல் அதைத் தேய்க்கிறது, அந்த வித்தியாசம். கொதிக்கவிடுவதில் மட்டும் அவசரப்படவில்லை.

அக்காவின் மகனுக்கு வேறு யோசனை. பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குப் போடலாமே என்கிறான். ஒரு பாட்டிலைப் பிரிட்ஜில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். விடிவதற்குள் அரிசி மாவு இறுகிக் களியாகிவிட்டது. "வெந்நி ஊத்துனா எளகும். ஆனா தேங்காப்பூ வீச்சம் வந்துரும்" என்றார் அக்கா. தேங்காய் இல்லாமல், அரிசியையும் குறைத்து ஒன்று செய்து பார்ப்பதாக மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படிச் செய்தால் அது பருத்திப்பாலா என்று அண்ணன் கேட்கிறார். வீட்டுக்குள் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சித்திரை வெயிலில் இதை யாரும் குடிக்க மாட்டார்கள். அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே வண்டியில் கம்மங்கூழ் போடுகிறார்கள். கூழுக்குப் பிழிகிற வேலை இல்லை. வெயில் காலம் முடியும்வரை அக்காவின் தோள் வலி குறைந்திருக்கும், வருமானமும்தான்.