தீர விசாரிப்பதே மெய்

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் வாக்கு. திருப்பூர் மாணவியராகிய நமக்கு இதை விளக்க நொய்யல் ஆறு ஒன்றே போதும்.

நம்மில் பலர் வீட்டில் அடுப்பெரிவது பனியன் தொழிலால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நம் ஊரில் பலர் வேலையின்றித் தவித்தனர். ஆனால் நொய்யல் கரை உழவரோ அதற்கு முன்பே கிணற்றையும் வயலையும் இழந்து தவித்தனர். பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாய நீர்த் தேக்கமாகிவிட்டிருந்தது. சுத்திகரித்துத்தான் விடுகிறோம் என்றனர் ஒரு சாரார். பயிர் கருகுகிறதே என்றனர் மறுசாரார். எது மெய்?

வேதியியல் பாடத்தை நினைவுகூர்வோம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்புச் சேர்க்கிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும்; உப்போ நீரோடு போய்விடும். நிறத்தை நீக்கிய பின்னும் கரைந்த உப்பு அந்நீரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. அளந்தே அறிய வேண்டும். எதிர் சவ்வூடு பரவல் முறையில் உப்பைப் பிரித்தால் அந்நீரை மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தலாம்.

எனவே தோழியரே, யார் உரக்கப் பேசுகிறார் என்று பாராமல், எதை அளந்தார், எங்கே அளந்தார், வெள்ளம் ஓடும் மழைக்காலத்திலா, வறண்ட கோடையிலா என்று கேட்போம். கிடைக்கும் விடை நம் வீட்டுக்கே பாதகமானாலும் அதை ஏற்கத் துணிவோம். தொழிலும் வாழ வேண்டும், உழவும் வாழ வேண்டும். இரண்டுக்கும் வழிகாட்டுவது உண்மை ஒன்றே.