அடுப்பு வரை வரும் குழாய்

வீட்டைச் சுவர் கொண்டு அளப்பவர் உண்டு. கூரை கொண்டு அளப்பவரும் உண்டு. அவ்வீட்டிற்குள் வந்து சேரும் நீரும் ஒளியும் நெருப்பும் எவர் கை வழியே வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. குழாயைத் திறந்தால் நீர் வரும், விசையைத் தட்டினால் விளக்கு எரியும், அடுப்பைத் திருகினால் சுடர் எழும் என்னும் நம்பிக்கையில் நாள்கள் கழிகின்றன. இடையில் நிற்கும் கை தளரும்போதுதான், அப்படி ஒரு கை இருந்தது என்பதே நம் நினைவுக்கு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியா மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் தங்கியிருந்தேன். என் பழைய மாணவி ஒருவர் அங்கே தாதியாகப் பணிபுரிகிறார். அவர் வாழும் இடத்தை 'மொபைல் ஹோம் பார்க்' என்கின்றனர். நடமாடும் வீடுகளின் பூங்கா என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உண்மை கெட்டுவிடும். அங்கே பூங்காவும் இல்லை. வீடுகள் நடமாடுவதும் இல்லை. தொழிற்சாலையில் செய்து, சக்கரங்களின்மேல் இழுத்து வந்து, தாங்கிகளின்மீது அமர்த்திய வீடுகள் அவை. ஒருமுறை அமர்ந்த வீடு பெரும்பாலும் அங்கேயே முதுமை அடைகிறது. பெயர்த்துச் செல்லும் செலவு அத்துணைப் பெரிது.

"ஐயா, வீடு என்னுடையது, அது நிற்கும் மண்தான் என்னுடையதன்று," என்றார் அவர். வீட்டை விலைக்கு வாங்கியோர், மனைக்கு மாதந்தோறும் வாடகை செலுத்துகின்றனர். ஓய்வு பெற்ற முதியோரும் குறைந்த வருவாயினரும் அத்தகைய குடியிருப்புகளில் மிகுதி.

அச்சொற்கள் என்னை நான் பிறந்த இரப்பர்த் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றன. அங்கே மண்ணும் எங்களுடையதன்று, லயத்து வீடும் எங்களுடையதன்று. மாலை ஆறு மணிக்குத் தோட்டத்து மின்பொறி உறுமத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு அடங்கும். பொறி பழுதுற்றால் கிராணியாரிடம் சொல்வோம். கிராணியார் துரையிடம் சொல்வார். நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படிப்போம். ஒளியைக் கேட்டுப் பெறுவது உரிமை என்று எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அது துரையின் தயவு என்றே வளர்ந்தோம்.

தோட்டத்தையும் அக்குடியிருப்பையும் ஒன்றென்று நான் கூறவில்லை. ஆயினும், மண்ணுக்கு உரியவரே அடுப்புக்கும் விளக்குக்கும் வாயிற்காவலராக நிற்கும் நிலை இரண்டிற்கும் பொது.

கலிபோர்னியாவின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் எரிவாயு வரும் முறை இதுதான். வாயு வழங்கும் நிறுவனம் நுழைவாயிலில் ஒரே ஒரு பெரிய அளவுமானியை வைக்கிறது. அதுவரைதான் அந்நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு உள்ளே மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களும், வீடுதோறும் உள்ள சிறு மானிகளும் குடியிருப்பின் உரிமையாளருடையவை. அவரே அளவெடுத்துக் கட்டணம் வாங்குகிறார். நிறுவனம் நேரடியாக வழங்கினால் என்ன விலையோ, அதற்கு மேல் அவர் வாங்கலாகாது என்று சட்டம் கட்டளையிடுகிறது. குழாய்களைப் பேணும் செலவுக்கென நிறுவனம் அவருக்கு ஒரு கழிவும் தருகிறது.

விலைக்குக் காவல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குக் காவல் எது? எஃகுக் குழாய் ஈரமண்ணில் துருவேறும். அதைத் தடுக்க, துருவைத் தான் ஏற்று அழியும் மக்னீசியத் துண்டுகளைக் குழாயுடன் இணைத்துப் புதைப்பர். அவை வலுவிழந்தனவா என்று காலந்தோறும் அளந்து பார்த்தல் வேண்டும். வாயு கசிகிறதா என்று கருவிகொண்டு தேடுதல் வேண்டும். கூட்டரசு விதிகளின்படி அக்குடியிருப்பின் உரிமையாளரும் ஒரு குழாய்வழி நடத்துநரே. புல்வெட்டவும் வாடகை வாங்கவும் அமர்த்தப்பட்ட மேலாளர் ஒருவர் தலையில் இந்தப் பொறியியற் கடமையும் வந்து விழுகிறது. அதைச் செவ்வனே செய்வோரும் உண்டு, செய்யாதோரும் உண்டு.

இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை மூக்கு அறிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டை நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கின்றனர். என் மாணவியின் அண்டை வீட்டு முதியவர் அந்த நாற்றத்தை இருமுறை உணர்ந்து மேலாளரிடம் சொன்னாராம். இருமுறையும் ஆள் வந்து மண்ணைத் தோண்டிக் குழாயில் ஒட்டுப்போட்டுச் சென்றார். "இது சட்டை அன்று, ஒட்டுப்போட்டு உடுத்த," என்று அம்முதியவர் எங்களிடம் நகைத்தார். அந்நகைப்பில் அச்சமே மிகுந்திருந்தது. அவ்வச்சத்திற்குக் காரணமும் உண்டு. 1994ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இத்தகைய வீடுகள் பல, தாங்கிகளிலிருந்து சரிந்து வாயு இணைப்புகள் முறிந்து தீக்கிரையாயின.

அவ்வாறெனின், குழாய்களை நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். 1997ஆம் ஆண்டிற்குப் பின் எழும் புதிய குடியிருப்புகளில் நிறுவனமே ஒவ்வொரு வீட்டிற்கும் நேரடியாக வழங்க வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் இயற்றியது. பழையவற்றை ஒப்படைக்கவும் வழி வகுத்தது. வழி இருந்தும் நடந்தவர் சிலரே. தன் தரத்திற்கு ஒவ்வாத பழங்குழாயை ஏற்க நிறுவனம் உடன்படாது. தரம் உயர்த்தும் செலவை ஏற்க உரிமையாளர் முன்வரார். இருவருக்கும் இடையில் குழாய் மட்டும் துருவேறிக்கொண்டிருந்தது.

இந்த முடிச்சை 2014ஆம் ஆண்டு மார்ச்சில் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் அவிழ்த்தது. பழைய குழாயைக் கைம்மாற்ற வேண்டா. அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதிய குழாயை நிறுவனம் பதிக்கட்டும். செலவை அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனைவரும் கட்டணத்தின் வழியே சிறிது சிறிதாகச் சுமக்கட்டும் என்று அது முடிவு செய்தது. 2015இல் மூன்றாண்டுச் சோதனைத் திட்டமாகத் தொடங்கிய பணி, 2020ஆம் ஆண்டின் ஆணைப்படி 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டுத் திட்டமாக விரிந்தது. ஆபத்து மிகுந்த குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்பது அதன் நெறி.

நான் அங்கிருந்தபோதுதான் என் மாணவியின் குடியிருப்பில் அப்பணி முடிவுற்றது. தெருவெங்கும் பள்ளம், பள்ளத்தில் மஞ்சள் நிற நெகிழிக் குழாய், ஒவ்வொரு மனையிலும் புதிய மானி. இணைப்பு மாற்றும் நாளில் பணியாளர் வீடுவீடாக வந்தனர். பழைய வாயுவை அடைத்தனர். புதிய இணைப்பில் கசிவு உண்டா என்று சோதித்தனர். அடுப்பையும் வெந்நீர்க் கலனையும் தாமே ஏற்றிவைத்துச் சுடரின் நிறம் பார்த்தே அடுத்த வீட்டிற்குச் சென்றனர். நீலச் சுடர் நன்று. மஞ்சள் சுடராயின் எரிதலில் குறையுண்டு என்று ஓர் இளைஞர் பொறுமையாக விளக்கினார்.

சில வாரங்களில் அம்முதியவர் பெயருக்கே கட்டணச்சீட்டு வந்தது. அதைக் கையில் ஏந்தி எங்கள் வாசலுக்கு வந்தார். கட்டணச்சீட்டைக் கண்டு மகிழ்ந்த மனிதரை என் வாழ்வில் அன்றுதான் கண்டேன். "இதில் என் பெயர் இருக்கிறது, பின்புறம் நான் அழைக்க வேண்டிய எண் இருக்கிறது," என்றார். வருவாய் குறைந்தோர்க்கு வாயுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டுத் தள்ளுபடி உண்டு. முன்னர் உரிமையாளர் வழியே வந்து சேர்ந்த அச்சலுகை இனி நிறுவனத்திடமிருந்து நேரே அவருக்கு வந்து சேரும்.

பெரிய நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டால் தீங்கே நேராது என்று எண்ணுவதும் பிழை. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சான் புரூனோ நகரில் வெடித்தது ஒரு பெரிய நிறுவனத்தின் குழாய்தான். எட்டு உயிர்கள் மாண்டன. 38 வீடுகள் அழிந்தன. 1956இல் பதித்த குழாயின் பற்றவைப்புக் குறையை அந்நிறுவனத்தின் ஏடுகள் காட்டவில்லை. ஆனால் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் நோக்க வேண்டும். விசாரணை நடந்தது, 2015இல் அதே ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. மாண்டவர் மீளவில்லை, எனினும் தவறு செய்தவர் எவர் என்பதைக் கேட்கவும், விடை பெறவும் ஒரு மன்றம் இருந்தது.

கைமாறியது வெறுங்குழாய் அன்று, பொறுப்பு என்பதே என் கருத்து. தயவால் வரும் பொருளுக்கு நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க முடியாது. பெயரோடு வரும் பொருளுக்குக் கணக்குக் கேட்கலாம். தோட்டத்து மின்பொறி ஓய்ந்து, மின்வாரியத்தின் கம்பி எங்கள் லயத்திற்கு வந்தபோது, விளக்கு இரவு முழுதும் எரிந்ததையே பெரிதாகக் கொண்டாடினோம். அதனினும் பெரிது ஒன்று அன்று நடந்தது என்பது இப்போது விளங்குகிறது.

கலிபோர்னியத் திட்டத்தில் சேர்வது இன்றும் உரிமையாளரின் விருப்பமே. அவர் விண்ணப்பியாத குடியிருப்பில், எத்தனை முதியோர் நாற்றம் உணர்ந்து சொன்னாலும், ஒட்டுப்போடும் ஆளே மீண்டும் வருவார். குழாய்க்குத் தீர்வு கண்டவர்கள், அந்தக் குழாயை நம்பி வாழ்வோர்க்குக் கேட்கும் வாயையும் கொடுத்தல் வேண்டும்.