மூன்றாவது திறப்பு

தொடர்மாடியில் நாய் வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். இரண்டு அறை வீடு போதுமா, பல்கனி வேண்டுமா, எத்தனையாம் மாடி என்றெல்லாம் விசாரிப்பார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான். வீடு ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் பூட்டிக் கிடக்கும்? பத்து மணித்தியாலம் என்று பதில் வருமானால், 3,000 சதுர அடி வீடாக இருந்தாலும் நாய் வேண்டாம் என்பேன். 2014 ஆம் ஆண்டிலிருந்து வெள்ளவத்தையில் ஏழாம் மாடியொன்றில் நாய்களோடு வாழ்ந்துகொண்டு, முழுநேரமும் பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவனின் அபிப்பிராயம் இது.

எம்மில் பலருக்கு நாய் என்றவுடன் மனதில் தோன்றுவது யாழ்ப்பாணத்து வளவு நாய்தான். அதற்குப் படலையடியில் ஓர் உத்தியோகம் இருந்தது. தபாற்காரரைக் கண்டால் குரைக்க வேண்டும். காயப்போட்ட நெல்லில் அயல்வீட்டுக் கோழி வாய்வைத்தால் துரத்த வேண்டும். பதிலுக்குச் சோறும் மீன் தலையும் கிடைக்கும். விறாந்தைக்கு மேல் ஏற அனுமதி கிடையாது. அதனைச் சங்கிலியில் பிடித்து யாரும் உலாத்தக் கூட்டிச் சென்றதில்லை. தன் அலுவல்களை வேலியோரத்தில் அது தானே பார்த்துக்கொண்டது. 1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அந்த நாய்கள் பின்னால் விடப்பட்டன. சில நாவற்குழி வரை சனத்தோடு சனமாக நடந்து வந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறு ஆண்டு ஊர் திரும்பியவர்களில் சிலர், எலும்பும் தோலுமாகத் தம் வீட்டுப் படலையடியில் படுத்திருந்த நாயைக் கண்ட கதையை இப்போதும் சொல்லிக் கண்கலங்குவார்கள். மனிதர் இல்லாமல் ஆறு மாதம் அது எப்படியோ சீவித்திருந்தது. கிணற்றடித் தொட்டியில் மழைத்தண்ணீர் இருந்தது. இரை தேடித் திரிய ஓர் ஊர் இருந்தது.

தொடர்மாடி நாய்க்கு இவற்றுள் எதுவுமில்லை. அதன் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தால் நிரப்புவதற்கும், அது சிறுநீர் கழிப்பதற்கும் ஒரு மனிதர் திறப்போடு வந்தாக வேண்டும். நாம் அதற்குக் கொடுப்பது வீட்டையல்ல, எமது நேரத்தை. அதை வாங்கும்போது பலரும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய பின்னர் நாள் முழுவதும் வீட்டிலிருந்தவர்கள் குட்டிகளை வாங்கினார்கள். அலுவலகங்கள் திறந்தபோது அவை என்னவாயின என்பதை எமது ஒழுங்கையில் கழுத்துப்பட்டியோடு அலைந்த நாய்களைப் பார்த்து நான் ஊகித்துக்கொண்டேன்.

எங்களிடம் முதலில் வந்தது றெக்ஸ். லபிரடோர் கலப்பு, 28 கிலோ. கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்று விட்டுச் சென்றது. மூன்று வருடங்கள் கழித்து, ரயில் பாதையோரத்தில் கால் முறிந்து கிடந்த ஊர் நாய்க்குட்டி ஒன்று சேர்ந்தது. அதன் பெயர் கறுப்பி. மனைவி வங்கியில் வேலை. காலை ஏழரைக்குப் புறப்பட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவார். எனக்குப் பிற்பகல் ஒன்றரைக்கு வேலை தொடங்கி, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்போது நள்ளிரவாகிவிடும். பத்திரிகைக்காரனின் நேரசூசி குடும்ப வாழ்க்கைக்கு உதவாது என்பார்கள். நாய் வளர்ப்புக்கு அது நன்றாகவே உதவியது. வீடு பூட்டியிருப்பது நாலரை மணித்தியாலம் மட்டுமே. வளர்ந்த நாயொன்று ஆறு, எட்டு மணித்தியாலம் அடக்கிக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணித்தியாலங்கூட முடியாது. குட்டியைப் பூட்டிவிட்டுப் போய், வந்து பார்த்துத் தரை நனைந்திருக்கிறதென்று அடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அடி வாங்க வேண்டியது குட்டியல்ல.

ஆனால் தேர்தலும் வரவு செலவுத் திட்டமும் நேரசூசியைப் பார்த்து வருவதில்லை. அத்தகைய நாட்களுக்காகத்தான் மூன்றாவது திறப்பு ஒன்றைச் செய்வித்து, மூன்றாம் மாடியிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். நாங்கள் அவரை ரீச்சர் என்றே அழைப்போம். தமக்கு 60 வயதாகும்வரை ஒரு நாயைத் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே திறப்பை வாங்கினார். முதல் மாதம் கதவைத் திறந்து, எட்ட நின்று, "றெக்ஸ், தண்ணி இருக்கோ?" என்று விசாரித்துவிட்டுப் போய்விடுவாராம். பிற்பாடு அழைப்பில்லாத நாட்களிலும் பிற்பகல் மூன்று மணிக்கு வரத் தொடங்கினார். அவருடைய பிள்ளைகளும் வெளிநாட்டில்.

நடைமுறைகளைச் சொல்வதானால், காலை ஐந்தேகாலுக்கு நான் இரண்டையும் கீழே இறக்கிவிடுவேன். நாய்க்கு உடம்பு வியர்ப்பதில்லை. இளைத்தே தன் சூட்டைத் தணிக்க வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு கொழும்பின் தார் வீதி அதன் பாதத்தைச் சுடும். மெரைன் டிரைவில் நடந்து, கடற்காற்றுப் பட்டு ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம். கழிவை அள்ளுவதற்கு நேற்றைய பத்திரிகை போதும். என் ஆசிரியத் தலையங்கங்கள் பொதுநலனுக்குப் பயன்பட்டதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான சாட்சி அதுதான். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்குகளில் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் மாடி பார்த்து வருவதில்லை. விசர்நாய்த் தடுப்பூசியும் அப்படித்தான். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு ஊசி எதற்கு என்று கேட்கிறார்கள். 1973 இல் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய் நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்ததற்குப் பெரும் காரணம் இந்த ஊசியே.

அதே காலை நேரத்தில்தான் ஐந்தாம் மாடி ஹாஜியார் சுபஹுத் தொழுகைக்குப் புறப்படுவார். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி வழிமுறையில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஒழுச் செய்துவிட்டு வரும் மனிதரை லிஃப்டுக்குள் நாயோடு எதிர்கொள்வது முறையல்ல. ஆகவே காலையில் நாங்கள் படிக்கட்டால் இறங்குவது என்று வைத்துக்கொண்டோம். இதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவரே என்னை நிறுத்தி, தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குத் தன் காலணியால் கிணற்றுநீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட ஹதீஸைச் சொன்னார்.

குரைப்புத்தான் தொடர்மாடியின் பெரும் வழக்கு. றெக்ஸ் வந்த புதிதில், நாங்கள் கதவைச் சாத்தியதும் ஊளையிடும். நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதமும் வந்தது. ஒரு பழைய கைத்தொலைபேசியை ஒலிப்பதிவில் போட்டுவிட்டுப் போய், பிறகு கேட்டுப் பார்த்தோம். முதல் இருபது நிமிடந்தான் அந்த ஓலம். அதன் பின் அமைதி. ஆகவே அந்த இருபது நிமிடத்தையே குறிவைத்தோம். இரண்டு நிமிடம் வெளியே நின்று திரும்புவது, பிறகு ஐந்து, பிறகு பத்து. போகும்போது கொஞ்சி விடைபெறுவதை அடியோடு நிறுத்தினோம். ஆறு வாரம் எடுத்தது. இதற்குப் பொறுமையில்லாதவர்கள் இரண்டாவது நாயை வாங்கித் துணைக்கு விடுகிறார்கள். பல சமயம் ஒன்று ஊளையிட்ட இடத்தில் இரண்டு ஊளையிடும்.

2022 ஐப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதி நாய் உணவு கடைகளில் அருகி, கிடைத்த பொதியும் கைக்கெட்டாத விலைக்குப் போனது. வளவு நாயின் சாப்பாட்டுக்கே திரும்பினோம். அரிசி, பூசணிக்காய், மலிவாகக் கிடைத்தால் சாளை மீன். வெங்காயம் மட்டும் சேர்க்கக் கூடாது, அது நாய்க்கு நஞ்சு. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. கட்டடத்து ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. லிஃப்ட் நின்றது. றெக்ஸுக்கு அப்போது 11 வயது. பின்னங்கால் மூட்டுகள் பிடித்துவிட்டன. ஏழு மாடி இறங்கவோ ஏறவோ அதனால் இயலாது. படுக்கை விரிப்பில் கிடத்தி, நான் ஒரு தலைப்பும் மனைவி மறுதலைப்புமாக இறக்குவோம். ஹாஜியாரின் இளைய மகன் ரோர்ச் லைற் பிடித்துக்கொண்டு முன்னால் படியிறங்குவான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். எங்கள் காலடிச் சத்தம் கேட்டால் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவான். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியபோதுதான் அந்தக் கட்டடத்தில் குடியிருப்போர் பலரை நான் முதன்முதலாகக் கண்டு பேசினேன்.

றெக்ஸ் 2023 ஆவணியில் இறந்தது. வழக்கம்போல் மூன்று மணிக்கு வந்த ரீச்சர், அது எழும்பவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். நான் செய்திக் கூட்டத்தில் இருந்தேன். முச்சக்கர வண்டி பிடித்து வந்துசேர 40 நிமிடமானது. ரீச்சர் தரையில் அமர்ந்து அதன் தலையைத் தம் மடியில் வைத்திருந்தார். சேலை நனைந்திருந்தது. "கொஞ்சம் முந்தித்தான் தம்பி" என்றார். தொடர்மாடிக்காரனுக்கு நாயைப் புதைக்கவும் ஒரு பிடி மண் கிடையாது. எமது அச்சுக்கூடத்தில் வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் கடவத்தையிலுள்ள தம் வீட்டு வளவில், தென்னையடியில் இடம் தந்தார். மண்வெட்டியும் அவரே பிடித்தார்.

கறுப்பிக்கு இப்போது வயதேறிவிட்டது. மூன்று மணியானால் எழுந்து போய்க் கதவடியில் படுத்துக்கொள்கிறது. ரீச்சரை அவருடைய மகள் மெல்பேர்ணுக்கு வரச்சொல்லி விசா எடுத்துவிட்டார். தை மாதம் பயணம். போன கிழமை திறப்பைத் திருப்பித் தர வந்தவர், இன்னும் நாளிருக்கிறதுதானே என்று தாமே சொல்லிக்கொண்டு அதை மீண்டும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். நான்காம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதியரைக் கேட்டுப் பார்க்கலாம் என்று மனைவி சொல்கிறார். கணவர் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவராம். நல்ல மனிதர்களாகத்தான் தெரிகிறார்கள். ஆனால் அவர்களிடம் இரண்டு பூனைகள் இருக்கின்றன.