எத்தனை மார்க்கு?

எனக்கு வந்தது சின்னப் புற்றுநோயாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மார்பில் இருந்த கட்டி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. முதல் நிலை. "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சுல்ல, பெறகென்ன?" என்று பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். காப்பியைக் குடித்துக்கொண்டே, தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருத்தி முற்றிய நிலையில் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டுப் போவார்கள். முற்றிப்போனவர்களுக்கு அழ அனுமதி உண்டு. எனக்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல மட்டும்தான் அனுமதி.

2018ஆம் வருடம். கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் மேமோகிராம் எடுத்துப் பாத்திருங்க டீச்சர்" என்றார். எடுத்தேன். பிறகு ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அதன் முடிவை வாங்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்தவர் உறையை என்னிடம் தரவில்லை. என் தலைக்கு மேலாக, பின்னால் நின்ற என் கணவரைப் பார்த்து, "சார், நீங்க மட்டும் கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். நான் கையை நீட்டி உறையை வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் எதையும் அப்படி வாங்கியவள் இல்லை. என் ஏடிஎம் கார்டுகூடக் கணவர் சட்டைப்பையில்தான் இருக்கும்.

அன்றைக்குத்தான் நான் மாறினேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கதையாகச் சொல்லும்போது அப்படி அமைந்துவிடுகிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது வெறும் கோபம். பேருந்தில் திரும்பி வரும்போது அதுவும் போய், குடல் நடுங்கும் பயம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் சதையையும் எடுத்தால் போதும், மார்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். என் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "சனியன முழுசா அறுத்து எறிய வேண்டியதுதானே, மிச்சம் எதுக்கு வைக்கணும்?" என்று ஃபோனில் சத்தம் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். கேட்டேன். அந்த இளம் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் 1976இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சிலருக்கு மார்பை முழுதாக எடுத்தார்கள், சிலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள், சிலருக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இருபது வருடங்கள் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவில், உயிரோடு இருப்பவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. கட்டி மட்டும் எடுக்கப்பட்டவர்களுக்கு அதே மார்பில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கதிர்வீச்சு அதைத்தான் குறைத்தது. இதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் முந்தின இரவே எழுதி எடுத்துப்போகும் பழக்கம் அந்த நோட்டில்தான் தொடங்கியது.

அறுவை சிகிச்சையின்போது மார்பில் ஒரு நீலச் சாயத்தைச் செலுத்துவார்கள். அது முதலில் போய்ச் சேரும் நெறிகட்டியைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பார்கள். அதில் நோய் இல்லையென்றால் அக்குளில் இருக்கும் மற்றவற்றைத் தொடுவதில்லை. எனக்கு இல்லை. ஆனால் மறுநாள் காலையில் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. சாயம் வெளியேறுகிறது, அவ்வளவுதான் என்று நர்ஸ் வந்து சொன்னபின் பக்கத்துக் கட்டில்காரர்கள் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள்.

கீமோ எனக்குத் தேவைப்படவில்லை. ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை என்பதால் கதிர்வீச்சும், அதன்பின் வருடக்கணக்கில் தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரையும் போதும் என்றார்கள். கதிர்வீச்சு என்று அங்கே நோயாளிகள் யாரும் சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் பேச்சு. "ஒங்களுக்கு எத்தனாவது கரண்ட்?" என்றுதான் பழக்கம் தொடங்கும். மார்பில் மையால் கோடு போட்டுவிட்டு, சிகிச்சை முடியும்வரை சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது என்பார்கள். மேசையில் படுத்திருப்பது சில நிமிஷங்கள்தான். காத்திருப்பதுதான் நெடுநேரம்.

அந்தக் காத்திருப்புக் கூடத்தில் தலைமுடியோடு உட்கார்ந்திருந்த சிலரில் நானும் ஒருத்தி. அதற்காகக் கூச்சமாக இருக்கும். தலையில் முக்காட்டை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "பாவம், ஒங்களுக்குச் சின்னப் பிள்ளைக இருக்கே. எம்மக்களுக்குக் கல்யாணம் முடிச்சிட்டேன்" என்றாள். நான் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன், அவள் என்னைப் பார்த்து! இப்படி எல்லோருமே தங்களைவிடக் கீழே ஒருவரைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

ஒருநாள் உளவியல் மாணவி ஒருத்தி தாள்களோடு வந்தாள். 21 வாக்கியங்கள். நோய் வந்தபின் நம்மிடம் ஏற்பட்ட மாற்றத்தைப் பற்றி ஒவ்வொன்றும். மாற்றமே இல்லையென்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் 5. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. "நீங்களே வாசிச்சுப் போடுங்க டீச்சர்" என்றார். பரீட்சைத் தாள் திருத்திய கைக்கு அது சுலபமான வேலை என்று நினைத்து வாங்கினேன்.

கஷ்டகாலத்தில் உதவிக்கு ஆள் இருக்கிறது என்று முன்னைவிட நம்புகிறீர்களா என்ற பொருளில் ஒன்று. "ஆமா, எம்மருமவ வந்து நிக்கா. இப்பிடி நிப்பான்னு நெனைக்கல. அஞ்சு போடுங்க." நாம் நினைத்ததைவிட நமக்குத் திராணி அதிகம் என்று தெரிந்ததா என்று இன்னொன்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது இப்பத்தான் தெரியணுமாக்கும்? பதினாறு வயசுல புருசன் செத்துப் பிள்ளையத் தூக்கிட்டு நின்னப்பயே தெரியும். சைபர் போடுங்க." தெய்வ நம்பிக்கை கூடியிருக்கிறதா என்று கேட்டபோது கொஞ்சநேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார், "கூடல. கோவந்தான் கூடியிருக்கு. மாரியாத்தா மேல. அதுக்கு எத்தன மார்க்கு?"

அந்தத் தாளில் கோபத்துக்கு மார்க் போட இடமில்லை. குறைந்ததைக் குறிக்கவும் இடமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே இல்லை. மாணவியிடம் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓரத்துல எழுதுங்க மேடம்" என்றாள். எழுதினேன். அது அவளுடைய ஆய்வேட்டில் எங்கே போயிற்றோ.

அண்ணன் மகள் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைப் பற்றிச் சொன்னதும், அது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இருவர் 1996இல் வெளியிட்டது என்றாள். பேரதிர்ச்சிக்குப் பின் மனிதர்கள் ஐந்து விதமாக வளரக்கூடும் என்பது அவர்கள் கணக்கு: பிறரோடு நெருக்கம், புதிய வழிகள், தன் பலம் தெரிதல், ஆன்மிகம், வாழ்வின் அருமை. நான் சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். ஆனால் அவள் வாசித்துக் காட்டிய பகுதியில் அந்த இருவரும் என் பக்கமே இருந்தார்கள். துன்பம் யாரையும் வளர்ப்பதில்லை, அதோடு மல்லுக்கட்டும்போதுதான் ஏதாவது முளைக்கிறது என்கிறார்கள். வளர்ச்சி வந்தால் வேதனை போய்விடும் என்றும் அவர்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும்.

காத்திருப்புக் கூடத்தில் நான் பார்த்த பரஸ்பரப் பரிதாபத்துக்கும் ஒரு பழைய ஆய்வு இருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஷெல்லி டெய்லர் என்பவர் மார்பகப் புற்றுநோய் கண்ட 78 பெண்களைப் பேட்டி கண்டு 1983இல் எழுதியது. கட்டியை மட்டும் எடுத்தவர்கள் மார்பை இழந்தவர்களுக்காக இரங்கினார்கள், வயதானவர்கள் இளையவர்களுக்காக, மணமானவர்கள் தனியாக இருப்பவர்களுக்காக. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவிலும் அதே பெஞ்சுதான்.

இதையெல்லாம்விட எனக்கு உபகாரமாக இருந்தது வேறொரு செய்தி. சிகிச்சைக் காலம் முழுக்க என்னை அதிகம் வதைத்தது 'பாசிட்டிவா இரு' என்ற உத்தரவு. அழுதால் "அழாத, நோய் கூடிரும்" என்பார்கள். இரவில் விழித்துக்கொண்டு, பயப்படுவதால் நோய் வந்துவிடுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயப்படுவேன். ஜேம்ஸ் காய்ன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் மகள் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னாள், நான் நொந்துபோவேன் என்று. அன்றைக்கு இரவு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் கண்ணீருக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை! பார்பரா எரன்ரைக் என்ற எழுத்தாளர் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபின் இந்தக் கட்டாயச் சிரிப்பை எதிர்த்துக் கடுமையாக எழுதினார் என்று தெரிந்தபோது, முகம் தெரியாத அந்த அம்மாள் எனக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார்.

அண்ணன் மகள் என்றேன். அவளோடு நான் பேசியதே அதிசயம். அம்மா வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணனுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டு, மதினியோடு பேச்சுவார்த்தை நின்று வருடங்கள் ஆகியிருந்தன. சென்னையில் கோட்டூர்ப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கி நான் கரண்ட் வைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் கையில் குக்கரோடு மதினி வந்து நின்றார். "சமாதானம் பேச வரல. சோறு பொங்க வந்தேன்" என்றார். சொன்னபடி சமாதானம் பேசவே இல்லை. சிகிச்சை முடியும்வரை இருந்தார். வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை, பொங்கலுக்குப் பொங்கல் அதைப் பற்றிச் சண்டை வரும். ஆனாலும் இப்போது சண்டை போடுகிற அளவுக்குப் பேசிக்கொள்கிறோம்.

மறுபக்கம், பள்ளியில் என் உயிர்த்தோழி என்று எல்லோரும் சொல்லும் ஒருத்தி ஒருமுறைகூட வரவில்லை. திரும்பி வேலைக்குப் போனபின் ஸ்டாஃப் ரூமில் என் டிஃபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைக்கமாட்டாள். உறவுகள் நெருங்கின என்று மார்க் போடும்போது இவளை எங்கே கழிப்பது?

2021 ஜனவரி 19 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா இறந்துபோனார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பத்திரிகைகள் அந்த மருத்துவமனையின் கதையை மறுபடி எழுதின. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை விடாமல் சுமந்து, 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். மறுவருடம் சாந்தா சேர்ந்தார், கடைசிவரை அங்கேயே இருந்தார். நான் உயிரோடு இருப்பதற்கும் அந்தத் துக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அதற்காக அந்தத் தங்கை செத்தது நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் சகிக்க முடியுமா? என் மார்பில் வந்ததை 'ஒருவகையில் ஆசீர்வாதம்' என்று என் வாயால் சொல்லவைக்க இரண்டு மூன்று மேடைகளில் முயன்றிருக்கிறார்கள். புற்றுநோய் எனக்கு எதையும் தரவில்லை. ஒரு பக்கத் தோளை விறைக்கவைத்தது, டமாக்சிஃபென் புண்ணியத்தில் பத்தாம் வகுப்புக்கு யாப்பு நடத்தும்போது உடம்பெல்லாம் தீப்பற்றி வியர்க்கவைத்தது. மருமகள் வந்து நின்றதற்கு அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அக்கா மருமகளைத்தான் பாராட்டினார், நோயை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன்னறையில் இப்போது நாலைந்து பேர் வந்து உட்காருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன தாள் வேண்டும், ரயில் சலுகைப் படிவத்தில் மருத்துவர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டைப் பார்த்துச் சொல்வேன். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். சேவை என்று என் கணவர் பெருமையடிப்பார். வருடாந்திர மேமோகிராம் நெருங்கும் மாதத்தில் தூக்கம் வராமல் கிடப்பவளுக்கு அடுத்தவர் படிவத்தை நிரப்புவதுபோல மருந்து இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தாளில் இருந்த 'புதிய வழிகள்' என்பதற்கு வேண்டுமானால் இதற்காக 3 போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் மறுபடி செக்கப். முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு மதினி கவுண்டரில் போய் நின்று டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். எனக்கு இலவசம், அவருக்குக் கால் பங்கு. கிடைத்ததில் ஒன்றுதான் கீழ் பெர்த். முழங்கால் வலிக்கிறவளுக்கா, தோள் வராதவளுக்கா என்று நேற்றிலிருந்து ஃபோனில் வாக்குவாதம் நடக்கிறது.