பருப்பு வேகாத தண்ணீர்: பிளாச்சிமடா

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே மீனாட்சிபுரம் வழியாக எல்லையைத் தாண்டினால் சில கிலோமீட்டரில் பிளாச்சிமடா வந்துவிடும். எல்லைப் பலகை இல்லாவிட்டால் மாநிலம் மாறியதே தெரியாது. அதே தென்னை, அதே நெல், அதே நிலக்கடலை. தெற்கே ஆனைமலைத் தொடர். கேரளம் என்றால் எங்கும் மழை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஏமாந்து போவார்கள். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி மழை குறைவான இடம். வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்தான் இங்கே விவசாயம். 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றி இரு மாநில விவசாயிகளும் ஒவ்வொரு கோடையிலும் பேசாமல் இருந்ததில்லை. தண்ணீரை டி.எம்.சி. கணக்கில் எண்ணிப் பழகிய மண் இது.

ஆனால் இந்த ஊரின் பெயரை உலகம் அறிந்தது குடத்தால் தண்ணீரை அளந்த பெண்களால்.

ஊரின் குடியிருப்புகளில் பெரும்பாலோர் எரவாளர், மலசர் என்ற பழங்குடியினர். வீட்டுப் பேச்சில் தமிழின் சாயல் நிறைய உண்டு. சொந்த நிலம் உள்ளவர்கள் குறைவு. பெண்கள் நடவு, களை, அறுவடை என்று கூலிக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள். குடியிருப்புக்கு ஒரு பொதுக்கிணறு இருக்கும். அந்தத் தண்ணீர்தான் சோறாக்க, குடிக்க, குளிக்க.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெருமாட்டி ஊராட்சியின் உரிமத்துடன் இங்கே கோகோ கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை வந்தது. முன்பு நெல் விளைந்த நிலத்தில் ஏறக்குறைய 34 ஏக்கர். வேலை கிடைக்கும், ஊராட்சிக்கு வரி வரும் என்று ஊர் வரவேற்கவே செய்தது. ஆலை வளாகத்துக்குள் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. லாரிகள் வரிசையாக வெளியே போயின. சில மாதங்களிலேயே அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. மிஞ்சிய தண்ணீரின் குணமும் மாறியது.

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்பது நம்மிடம் கேலிப் பேச்சு. பிளாச்சிமடாவில் அது அடுப்படியில் நிஜமாகவே நடந்தது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு மசியவில்லை. சோறு நிறம் மாறியது, சீக்கிரம் கெட்டது. குளித்தால் உடம்பு அரித்தது, தலைமுடி பிசுபிசுத்தது. இதற்குக் காரணம் சொல்வது கடினமல்ல. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்தால் அவை பருப்பின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு குழையாது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆய்வுக்கூடத்தில் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முன்பே அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவள் சொன்னால் அது புகார். தாளில் அச்சாகி வந்தால்தான் ஆதாரம்.

அந்தத் தாள் வரத் தாமதமானது. 2003இல்தான் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்தக் கிணற்று நீர் குடிக்க ஏற்றதல்ல என்று எழுத்தில் கொடுத்தார். அதற்குள் பெண்கள் நல்ல தண்ணீருக்காகக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். காலையில் தண்ணீருக்குப் போய்த் திரும்பினால் வேலைக்கு ஆள் எடுக்கும் நேரம் கடந்திருக்கும், அன்றைய கூலி போச்சு. கிணறு வற்றினால் நிலக்காரருக்குப் பயிர் நஷ்டம். நிலமில்லாத பெண்ணுக்கு நாளே நஷ்டம். இந்த இரண்டாவது நஷ்டத்தை எந்த வறட்சி அறிக்கையிலும் பயிர்ச்சேதப் படிவத்திலும் எழுத இடமில்லை. வேளாண்மைத் துறைகளில் இது பழைய குறைதான்.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே போராட்டம் தொடங்கியது. வயநாட்டுப் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கி வைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவர் விஜயநகர் குடியிருப்பின் மயிலம்மா. எரவாளர் இனத்தவர், கணவரை இழந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை செய்தவர். கொட்டகை போட்டு அதில் தினமும் உட்கார்ந்தார்கள். பெரிய கட்சிகள் தொடக்கத்தில் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆலையில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களும் எதிரே நின்றார்கள். ஒரே ஊருக்குள் சம்பளம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இந்தப் பிளவைத் தாங்கி ஒரு நாள் உட்காரலாம், ஒரு வாரம் உட்காரலாம். இவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வந்து, முறை வைத்துக் கொட்டகையைக் காலியாக விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. மழை குறைந்ததால்தான் நீர்மட்டம் இறங்கியது என்றது. அந்த ஆண்டுகளில் மழை குறைந்தது உண்மைதான். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் விவசாயி கூட மோட்டாரை அளந்து ஓட்டுவார். ஆலைக்கு அந்தக் கணக்கு இல்லை.

இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் ஒரு கேள்விக்கும் பிளாச்சிமடாவில் பதில் இருக்கிறது. ‘பக்கத்து ஆலையிலிருந்து கழிவுச் சேறு இலவசமாகக் கிடைக்கிறது, தென்னைக்குப் போடலாமா?’ என்பது கேள்வி. இந்த ஆலையின் கழிவுச் சேறும் உரம் என்ற பெயரில் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கித் தென்னைக்கும் வயலுக்கும் போட்டார்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் பரிசோதிக்கச் செய்தது. காரீயமும் கேட்மியமும் இருப்பது வெளியே வந்தது. கேட்மியம் மண்ணில் சேர்ந்தால் சாணம் போல மட்கிப் போகாது, தங்கிவிடும். கீரையும் நெல்லும் அதை எளிதில் உறிஞ்சும். சாப்பிடுபவரின் சிறுநீரகத்தில் ஆண்டுக்கணக்கில் சேரும். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்குக் கேட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100 மில்லிகிராம் தாண்டக் கூடாது. எனவே பரிசோதனைச் சீட்டு இல்லாத எந்த ஆலைச் சேற்றையும் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். இலவசமாக வரும் உரத்துக்கு ஒரு முறை காரணம் கேட்டுவிடுவது நல்லது.

நீதிமன்றத்திலும் விவசாயக் கணக்கு ஒன்று வந்தது. ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, நிறுவனம் வழக்குப் போட்டது. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர்நீதிமன்றத் தனி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தந்த தீர்ப்பு, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்றது. 34 ஏக்கரில் பயிர் செய்யும் ஒருவர் வழக்கமாக எவ்வளவு தண்ணீர் எடுப்பாரோ அவ்வளவுதான் ஆலையும் எடுக்கலாம் என்றும் சொன்னது. நெல் என்றால் ஒரு கணக்கு, நிலக்கடலை என்றால் வேறு கணக்கு என்று விவசாயிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பகுதி திரும்ப நிலத்துக்குள் இறங்குகிறது. பாட்டிலில் ஏறிய தண்ணீர் லாரியோடு போய்விடுகிறது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

அதற்கு முன்பே, 2004 ஜனவரியில் உலக நீர் மாநாடு இங்கே நடந்தது. பிரான்சு நாட்டு விவசாயத் தலைவர் ஜோசே போவே, கனடாவின் மாட் பார்லோ போன்றோர் வந்தார்கள். அடுத்த மாதம், வறட்சியைக் காரணம் காட்டி, ஆலை நிலத்தடி நீர் எடுப்பதை மாநில அரசு நிறுத்தியது. 2004 மார்ச் 9 அன்று ஆலை நின்றது.  மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்தார். ஆலையைத் திரும்பத் திறக்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2017இல். கொரோனா இரண்டாம் அலையின்போது அந்தக் கட்டடத்தில் நோயாளிகளுக்குப் படுக்கை போட்டார்கள்.

கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் சேதத்தை ரூ.216.26 கோடி என்று மதிப்பிட்டது. பயிர் நஷ்டம், நீர் கெட்டது, உடல்நலக் கேடு ஆகியவற்றோடு கூலி இழப்பும் அதில் சேர்ந்திருந்தது. குடம் தூக்கி நடந்ததால் போன நாள்களுக்கு ஒரு தாளில் தொகை எழுதப்பட்டது அப்போதுதான். அந்தத் தொகையை வாங்கித் தருவதற்கான தீர்ப்பாயச் சட்ட முன்வரைவு 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறி டெல்லிக்குப் போனது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அன்று கொட்டகையில் உட்கார்ந்தவர்களில் பலர் இன்று பாட்டிகள். அந்த 216 கோடியில் ஒரு ரூபாய்கூட அவர்கள் கைக்கு வரவில்லை.