மகனுக்கு ஊட்டிய கோதுமை

என் மகளுக்குச் சீலியாக் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு மூன்று வயது. கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே அரிக்கத் தொடங்கிவிடும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்தப் புரதத்தைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். பாஸ்டனில் எங்கள் சமையலறையிலிருந்து ரவை, மைதா, சேமியா எல்லாம் போயின. மாவு கலந்த கூட்டுப் பெருங்காயமும் போனது.

"நம்ம பக்கம் யாருக்குமே இது வந்ததில்லையேடி" என்று அம்மா போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். டாக்டர் ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படித்தேன். வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இருக்கும் நோய், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. வித்தியாசம் சாப்பாட்டில். வடக்கில் கோதுமை மிக அதிகம், தெற்கில் சொற்பம். எங்கள் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்திருக்கலாம். சோறு சாப்பிட்டவர்களிடம் அது வெளிப்படவில்லை போலும்.

மகன் பிறந்தான். அக்காவுக்கு இருப்பதால் அவனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. டாக்டர் அலெசியோ ஃபசானோவின் குழு மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளைத் திட உணவு தொடங்கும் முன்பே சேர்த்து, வளர வளரத் தொடர்ந்து கவனிக்கிறது. மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. சிலருக்கு மட்டும் ஏன்? நோய் வந்தபின் குடலைப் பார்த்தால் எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே மலம், ரத்தம், சாப்பாட்டுக் குறிப்பு, காய்ச்சல், கொடுத்த ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் சேகரிக்கிறார்கள்.

உலக நன்மைக்காக நான் கையெழுத்துப் போடவில்லை. என் பிள்ளையை யாராவது கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பயத்தில் போட்டேன். மரபணு அவனிடமும் இருந்தது.

கோதுமையே இல்லாத வீட்டில் அவனுக்கு மட்டும் கோதுமை ஊட்ட வேண்டியிருந்தது. சாப்பிடாதவன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றாது. நோய் இருக்கிறதா என்று சொல்லவும் முடியாது. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, ரவைக் கஞ்சி. முதல் வாய் ஊட்டும்போது மகளுக்கு வந்த வாந்தியும் உப்பிய வயிறும்தான் கண்ணில் நின்றன. இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமே என்று மனம் கெஞ்சியது. இத்தாலியில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டில் தொடங்கினால் நோய் தாமதமாக வருகிறது. ஐந்து வயதில் எண்ணிக்கை ஒன்றுதான். 2014இல் வந்த எட்டு நாட்டு ஆய்வு, தாய்ப்பால் கொடுத்த காலமும் நோயைத் தடுக்கவில்லை என்றது. மகளுக்குப் பால் சீக்கிரம் நின்றதால்தான் இப்படி ஆனதோ என்று ராத்திரியெல்லாம் நினைத்து அழுதவள் நான். அந்த முடிவைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். அந்த ஆய்வில் சேர்ந்த, முன்பின் தெரியாத 944 குழந்தைகளின் பெற்றோர் எனக்குக் கொடுத்தது அது. அதற்குப் பிறகுதான் என் மகனின் ரத்தமும் இன்னொரு தாய்க்குப் போய்ச் சேரும் என்பது எனக்கு உறைத்தது.

எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் நிம்மதி இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த டெடி ஆய்வு 2019இல், முதல் ஐந்து வருடங்களில் குளூட்டன் கூடக்கூட ஆபத்தும் கூடுவதாகக் காட்டியது. தொடர்பு தெரிகிறது, குறைத்தால் தடுக்கலாம் என்பதற்கு அது நிரூபணமில்லை. நான் கொடுத்தேன், மிதமாக. ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போதும் வயிற்றைப் பிசையும்.

இதுவரை அவன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை. நாளை வரலாம். ஊசியைக் கண்டால் என் சேலையைப் பிடித்துக்கொள்கிறான். அவனிடம் கேட்காமலே அவனுக்காகச் சம்மதித்தேன். புரியும் வயதில் அவனையே கேட்கப்போகிறேன். வேண்டாம் என்றால் அன்றே ஆய்விலிருந்து விலகிவிடுவோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையை மட்டும் அவனுடைய டாக்டரிடம் தொடர்வோம்.