கொல்லைக் குளத்துக் கெண்டை

தங்கமீன் கெண்டை இனத்தது. கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஒற்றை மீன் சுற்றிச் சுற்றி வருவதையே பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. மங்கிய நிறமுடைய ஒரு நன்னீர்க் கெண்டையில் அபூர்வமாகச் செம்மஞ்சளாகப் பிறந்தவற்றைச் சீனர்கள் தனியே பிரித்து வளர்த்தார்கள். சோங் வம்சக் காலத்தில் (960–1279) அவை தோட்டக் குளங்களில் நீந்தின. வீட்டுக்குள் ஜாடியில் வளர்ப்பது அதற்கும் பின்னால், மிங் காலத்தில் பரவிய வழக்கம். ஆகவே கொல்லையில் சிறு குளம் கட்டித் தங்கமீன் விடுவதை நான் ஆடம்பரமாக எண்ணுவதில்லை. அதற்கு உரிய இடம் அதுதான்.

எங்கள் குளம் சிமெண்டுக் குளம். மேற்கு மதிலை ஒட்டியிருப்பதால் பிற்பகல் வெயில் படாது. பூச்சு காய்ந்ததுமே மீனை விட்டுவிட முடியாது. புதுச் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கிச் செவுளைப் புண்ணாக்கும். நம் பக்கத்து மீன் வளர்ப்பவர்கள் வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைப்பார்கள். பிறகு வடிப்பார்கள், மறுபடி நிரப்புவார்கள். அந்தப் பொறுமை அவசியம்.

அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். மீன் செவுள் வழியாக வெளிவிடும் அம்மோனியா அதற்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் சுவரிலும் கல்லிலும் படிந்து பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை இரண்டொரு மீன் போதும். போகிக்கு வீட்டைத் தேய்ப்பதுபோல் குளத்தைத் தேய்த்துக் கழுவினால் இந்த உயிர்கள்தான் முதலில் போகும். பச்சைப் பாசி படிந்த சுவரை நான் அழுக்கு என்று சொல்லமாட்டேன். தண்ணீரையும் ஒரேயடியாக இறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுவேன். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக வேண்டும்.

சித்திரை வந்தால்தான் கவலை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தங்கமீனோ குளிர்ந்த நீருக்குப் பிறந்தது. இரவில் செடிகளும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல. ஏர் பம்ப்பைப் பாருங்கள், நிழல் கூட்டுங்கள்.

பசி என்று நினைத்து இரை கொட்டுவது அதைவிடக் கெடுதல். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. சிறிது சிறிதாகத்தான் தின்ன வேண்டும். மிஞ்சிய இரை அழுகி மறுபடி அம்மோனியாவாகும். கொசுப்புழு விழுந்தால் அதுவே தேடித் தின்றுகொள்ளும்.

இதில் எனக்குத் தீராத வியப்பு குஞ்சுகள்தான். பொன்னிறத் தாய்க்குப் பிறந்தவை கருத்தும் பழுத்த இலை நிறத்திலும் திரியும். மாதங்கள் போகப் போக வயிற்றிலிருந்து மஞ்சள் ஏறும். சில கடைசிவரை மாறுவதேயில்லை. அந்தப் பழைய கெண்டையின் நிறத்திலேயே நின்றுவிடும். எனக்கு அவைமேல் தனிப் பிரியம்.

நல்ல குளத்தில் தங்கமீன் ஓரடிவரை வளரும், பத்தாண்டுக்கு மேலும் வாழும். பிரிட்டனில் டிஷ் என்ற மீன் 43 வயதுவரை இருந்து 1999இல் இறந்தது. அத்தனை காலம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று யோசித்து வாங்குங்கள். முடியாமல் போனால் குளம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விடாதீர்கள். அது சேற்றைக் கிளறும், நம் மீன்களின் முட்டையைத் தின்னும். ஒருமுறை பெருகிவிட்டால் பிடித்து ஒழிக்க வழியில்லை.